பொதுநிலமும் பொதுப்பள்ளியும் காக்கச் சட்டசபைக்குச் செல்வோர்

(மன்றத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எனக்குத் தரப்பட்ட பொருள் “இளைஞரும் பொதுச் சேவையும்” என்பது. இம்மேடையில் அதைப்பற்றிப் பேசாதவர் இல்லை. பெரியோர் சொன்னவற்றைத் திருப்பிச் சொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. ஆதலால் ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொண்டு, அது நடந்த வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். பொதுநிலத்தையும் பள்ளிக்கூடத்தையும் காப்பதற்காகச் சாதாரண மனிதர் சட்டசபைக்கு நிற்பதே அச்சேவை. வரலாறு நடந்த இடம் ஐக்கிய அமெரிக்கா.

சைவ வாலிபர் மன்றத்தில் அமெரிக்கக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவன். காலையில் வேதபாடம், மாலையிற் கோயிலில் தேவாரம் என்று வளர்ந்தவன். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை ஆரம்பித்தனர். அவர்களுக்கு விடைகூற நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர்கள் இங்கு கொண்டுவந்த கல்வியைப்பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் நாட்டிற் பள்ளிக்கூடத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. அதைத் தேடிப் படித்தபோது கண்டவற்றையே இன்று சொல்லப்போகிறேன்.

அன்பர்களே, 1785ஆம் ஆண்டு, புதிதாக விடுதலை பெற்ற அந்நாட்டின் காங்கிரஸ் ஒரு நிலச்சட்டம் இயற்றியது. மேற்கே கிடந்த நிலம் முழுவதையும் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமுள்ள சதுரங்களாக அளக்கவேண்டும். ஒவ்வொரு சதுரத்தையும் முப்பத்தாறு பங்காக்கவேண்டும். ஒரு பங்கு 640 ஏக்கர். அவற்றுள் நடுப்பகுதியில் அமையும் பதினாறாம் பங்கு அவ்விடத்துப் பொதுப்பள்ளிக்கென ஒதுக்கப்படவேண்டும். பள்ளி கட்டுமுன், ஆசிரியர் வருமுன், பிள்ளைகள் பிறக்குமுன்னரே பள்ளிக்கூடத்தின் காணி எல்லைக்கல் இடப்பட்டுக் கிடந்தது! நாவலர் பள்ளி தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில், ஒறிகன் பிரதேசத்துக்குப் பதினாறாம் பங்கோடு முப்பத்தாறாம் பங்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பின்னர் வறண்ட நாடுகளாகிய யூற்றா, நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகியவை நான்கு பங்குகள் பெற்றன. பாலை நிலத்தில் இரண்டு பங்கின் வருமானம் பள்ளிக்குப் போதாது என்பதே காரணம்.

இதனைப் புகழுமுன் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அளக்கப்பட்ட அந்த நிலம் வெறும் நிலம் அன்று. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செவ்விந்தியர் என்று பிறர் பெயரிட்டழைத்த பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். உடன்படிக்கைகளாலும், அவற்றை மீறியும், படைபலத்தாலும் அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தையே பள்ளிக்குத் தானம் செய்தார்கள். இன்றும் சில மாநிலங்களின் பள்ளிக் காணிகள் அம்மக்களுக்கென விடப்பட்ட எல்லைகளுக்குள்ளேயே கிடக்கின்றன. ஒருவன் காணியைப் பறித்து மற்றொருவன் பிள்ளைக்குக் கல்வி கொடுத்தாற் பறிப்பு அறமாகிவிடாது. பொதுநிலம் என்று பேசுபவர் “யாருடைய பொது?” என்னும் கேள்வியை மறைக்கக் கூடாது.

சரி, ஒதுக்கிய காணிக்கு என்ன நடந்தது? இரண்டு மாநிலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது நெவாடா. 1864இல் மாநிலமானபோது பதினாறாம், முப்பத்தாறாம் பங்குகள் அதற்குக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை நீரில்லாத வனாந்தரம், வாங்குவார் இல்லை. ஆகவே 1880இல் மாநிலம் ஒரு மாற்றுக்கு உடன்பட்டது. விற்காமற் கிடந்த பள்ளிப் பங்குகளை விட்டுக்கொடுத்து, அவற்றுக்குப் பதிலாக விரும்பிய இடத்தில் இருபது இலட்சம் ஏக்கர் தெரிந்துகொண்டது. தெரிந்தவை ஊற்றும் ஓடையும் உள்ள இடங்கள். ஏக்கர் ஒன்று 1 டொலர் 25 சதம் என்னும் விலைக்கு அவை போயின. வாங்கியவர் பெரும்பாலும் மந்தைக்காரர். நீரிருக்கும் துண்டு எவன் கையிலோ, அதைச் சுற்றிக் கிடக்கும் மேய்ச்சல் நிலமும் அவன் கையிலே அல்லவா? இன்று நெவாடாவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் மட்டுமே. இதை எந்தக் கள்வனும் இரவில் வந்து கொண்டுபோகவில்லை. சட்டசபை பகலிற் கூடி, சட்டம் இயற்றி, முறைப்படி கொடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

இரண்டாவது நியூ மெக்சிக்கோ. முன்னைய மாநிலங்களின் கூத்தைக் கண்ட காங்கிரஸ், 1910ஆம் ஆண்டுச் சட்டத்திற் கடுமையான நிபந்தனைகள் இட்டது. பள்ளிக் காணி நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப்படவேண்டும். விற்பதானாற் பத்து வாரம் பத்திரிகையில் அறிவித்துப் பகிரங்க ஏலத்திலேயே விற்கவேண்டும். வரும் பணம் நிலையான நிதியிற் சேரவேண்டும். இக்கட்டுப்பாட்டினால் அம்மாநிலம் இன்றும் சுமார் 90 இலட்சம் ஏக்கர் நிலத்தை வைத்திருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் தந்த குத்தகைப் பணம் பெரிய மூலதனமாக வளர்ந்தது.

மூலதனம் வளர்ந்தும் அம்மாநிலத்துப் பிள்ளைகளின் நிலை நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. அந்நிதியிலிருந்து சிறுபிள்ளைகளின் கல்விக்குச் சற்று அதிகமாக எடுக்கவேண்டும் என்ற தீர்மானம் சட்டசபைக்கு ஆண்டுதோறும் வந்தது. செனற் சபையில் ஆண்டுதோறும் இறந்தது. “முதலைத் தின்றால் நாளை என்ன செய்வது?” என்று நிதிக் குழுவின் தலைவர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. 2020ஆம் ஆண்டுக் கட்சித் தேர்தலில் அத்தலைவரும் அவரோடு சில மூத்த அங்கத்தவரும் தோற்றனர். புதியவர் வந்தனர். 2021இற் தீர்மானம் நிறைவேறியது. 2022 நவம்பரில் நூற்றுக்கு எழுபது பேர் அதற்கு வாக்களித்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றேகால் வீதம் மேலதிகமாக எடுக்கலாயிற்று. அதில் ஐந்தில் மூன்று பங்கு சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும், எஞ்சியது பொதுப்பள்ளிகளுக்கும். சில ஆசனங்களில் ஆள் மாறியதால் வந்த மாற்றம் இது.

இனி ஒரு தனி மனிதரின் கதை. தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1792இல் வேர்மொன்ற் என்னும் இடத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். தகப்பன் குடும்பத்தைக் கைவிட, தாய் உழைத்துப் படிக்கவைத்தார். வழக்கறிஞரான பின், 1833இற் பென்சில்வேனியாச் சட்டசபைக்குத் தெரிவானார்.

அந்த மாநிலத்தில் அதுவரை இருந்த 1809ஆம் ஆண்டுச் சட்டம் எப்படிப்பட்டது தெரியுமா? பிள்ளையை இலவசமாகப் படிக்கவைக்க விரும்பும் தகப்பன், “நான் வறியவன்” என்று அதிகாரிமுன் ஒப்புக்கொள்ளவேண்டும். பிள்ளையின் பெயர் ஏழைகளின் இடாப்பில் ஏறும். மானமுள்ள தாய் தந்தையர் எத்தனை பேர் அதற்குச் சம்மதிப்பர்? அனுப்பாமலே விட்டார்கள். 1834இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளிச் சட்டம் வந்தது. அதற்கென வரியும் வந்தது. வரி என்றதும் ஊர்கள் கொதித்தன. அச்சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்தே பலர் அடுத்த தேர்தலில் வென்றனர். செனற் சபை ஒழிப்புக்கு வாக்களித்தும் விட்டது. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதியிலுமே பள்ளி வரிக்கு எதிர்ப்பு மிகுதி.

1835 ஏப்ரில் 11ஆந் திகதி அவர் எழுந்து பேசினார். “எனக்குப் பிள்ளை இல்லை, நான் ஏன் பள்ளி வரி கொடுக்கவேண்டும்?” என்பவனுக்கு அவர் சொன்ன விடையின் கருத்தை மட்டும் சொல்கிறேன். நீ களவெடுக்கவில்லை, ஆயினும் மறியற்சாலைக்கு வரி கொடுக்கிறாய். கோட்டுக்கும் கொடுக்கிறாய். குற்றம் செய்தவனை அடைத்துவைக்கக் கொடுக்கும் நீ, குற்றம் செய்யாதவனாக ஒருவனை வளர்க்கக் கொடுக்கமாட்டாயா? ஏழைப் பிள்ளையைத் தனியாக எண்ணி முத்திரை குத்தும் சட்டத்தை அவர் மிகக் கடுமையாகச் சாடினார். பேச்சு முடிந்தபின் நடந்த வாக்கெடுப்பில் ஒழிப்பு முறியடிக்கப்பட்டது. அதுமட்டுமன்றிச் சட்டம் முன்னிலும் வலுவாக்கப்பட்டது. செனற் சபையும் இசைந்தது. வாக்காளர் கோபிப்பார் என்று அன்று அவர் வாய்மூடி இருந்திருந்தால்? பிரதிநிதி என்பவன் ஊரார் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லும் தபாற்காரன் மட்டும் அல்லன். ஊரின் பிள்ளைகளுக்கும் அவனே பிரதிநிதி, அவர்களுக்கு வாக்கில்லை.

பெரியோர்களே, நிலத்தைக் காப்பதும் பள்ளியைக் காப்பதும் எப்போதும் ஒரே வேலை அன்று. இரண்டும் முட்டும் இடங்கள் உண்டு. பள்ளிக் காணி வருமானம் தரவேண்டும் என்பது சட்டம். வருமானம் வேண்டுமானால் மரம் தறிக்கவேண்டும், சுரங்கம் தோண்டவேண்டும், அல்லது விற்கவேண்டும். தறிக்காமல் விட்டாற் காடு பிழைக்கும். பள்ளிக்குப் பணம் குறையும். 1996இல் யூற்றாவில் மத்திய அரசாங்கம் பெரும் பாறைப் பிரதேசம் ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட இடமாகப் பிரகடனஞ் செய்தபோது, அதனுள்ளே சிதறிக்கிடந்த பள்ளிப் பங்குகள் பயனற்றுப்போகும் நிலை வந்தது. நிலமா, பிள்ளைகளா என்று மக்கள் இரு கட்சியாகினர். முடிவில் 1998இற் காங்கிரஸ் ஒரு மாற்றுச் சட்டம் இயற்றியது. பள்ளிப் பங்குகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டு, வேறிடத்தில் நிலமும் 5 கோடி டொலரும் கொடுத்தது. பாறையும் தப்பியது, பள்ளிக்கும் நட்டமில்லை. கூச்சல் இட்டவர்களால் இது நடக்கவில்லை. படத்தை விரித்து வைத்து, பங்கு பங்காகக் கணக்குப் பார்த்தவர்களால் நடந்தது.

இப்போதும் அங்கே பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் கையில் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. நெவாடாவில் மட்டும் பத்தில் எட்டுப் பங்கு. மேய்ச்சலும் வேட்டையும் மீன்பிடியும் காலாற நடத்தலும் அங்கே எல்லார்க்கும் பொது. “இந்நிலத்துக்கு நாங்கள் வரி அறவிட முடியாது, அதனால் எங்கள் பள்ளிகள் மெலிகின்றன, நிலத்தை எங்களிடம் தாருங்கள்” என்று 2012இல் யூற்றாச் சட்டசபை சட்டமே இயற்றியது. வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றுக் கட்சியார் நெவாடாவைச் சுட்டிக் காட்டுகின்றனர். காட்டுத்தீ அணைக்கும் செலவைத் தாங்காத மாநிலம், ஒரு பஞ்ச ஆண்டில் நிலத்தை விற்றுவிடும். விற்ற நிலத்தில் வேலி விழும். பிறகு பள்ளிக்குக் காணியும் இல்லை, பணமும் இல்லை என்கின்றனர். யூற்றா கொண்டுபோன வழக்கை ஏற்க உச்சநீதிமன்றம் 2025 சனவரியில் மறுத்தது. அதே ஆண்டு யூன் மாதம் பொதுநிலத்தை விற்கும் யோசனை ஒன்று செனற் சபையில் எழுந்து, வேட்டைக்காரரும் மலையேறுவோரும் கட்சி பேதமின்றி எதிர்த்ததாற் கைவிடப்பட்டது. மாநிலச் சட்டசபைகளில் இவ்விவாதம் ஓயவில்லை.

இத்தகைய சபைகளுக்கு நிற்பவர் யார்? செல்வர் மட்டுமா? அல்லர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீழ்ச்சபையில் 400 அங்கத்தவர். அவர்களுக்குச் சம்பளம் ஆண்டொன்றுக்கு 100 டொலர்; 1889இல் வைத்த தொகை அப்படியே இருக்கிறது. மொன்ரானாச் சட்டசபை இரண்டாண்டுக்கு ஒருமுறை தொண்ணூறு நாளே கூடும். ஆகவே கமக்காரரும் ஆசிரியரும் தாதிமாரும் தம் தொழிலை விடாமலே போய்வரக் கூடியதாயிருக்கிறது. நிற்பவர் முதலிற் கட்சிக்குள் வெல்லவேண்டும். பிறகு வீடு வீடாகப் படலை தட்டவேண்டும். வென்றபின் மேடைப் பேச்சு அங்கே அதிகம் பயன்படாது. மசோதா பிழைப்பதும் சாவதும் குழு அறையில். அங்கே வேண்டியது வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும் பொறுமை.

2018 ஏப்ரிலில் ஒக்லகோமா மாநிலத்து ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வெளியேறித் தலைநகரில் நின்றனர். அம்மாநிலத்தில் 1992 முதல் வரியைக் கூட்டுவதற்குச் சட்டசபையில் நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகையாற் பள்ளிகள் ஆண்டுக்காண்டு மெலிந்தன. வாரத்தில் நான்கு நாள் மட்டும் திறக்கும் பள்ளிகள் பெருகின. வேலைநிறுத்தத்துக்கு அஞ்சி முன்கூட்டியே சட்டசபை சம்பளத்தை உயர்த்தியது. ஆனால் ஆசிரியர் பலர் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. வேட்பாளராகப் பெயர் கொடுத்தனர். எல்லாரும் வென்றனர் என்று சொல்ல முடியாது, பெரும்பாலோர் தோற்றனர். ஆயினும் பள்ளிப் பணத்துக்கு எதிராக வாக்களித்த அங்கத்தவர் பலர் தம் கட்சித் தேர்தலிலேயே ஆசனம் இழந்தனர். தோற்ற வேட்பாளரும் வேலை செய்கிறார் என்பதற்கு இது சான்று.

மொன்ரானாவின் கதை இன்னும் இனியது. ஒரு செம்புக் கம்பெனி 1959 வரை அம்மாநிலத்தின் பெரிய பத்திரிகைகளையே சொந்தமாக வைத்திருந்தது. அங்கே 1972இற் புதிய அரசியலமைப்பு எழுத நூறு பேர் தெரிவாயினர். பதவியிலிருந்த சட்டசபையார் அதில் நிற்கமுடியாது என்று நீதிமன்றம் தீர்த்திருந்தது. ஆகவே வந்தவரிற் பலர் புதியவர். பத்தொன்பது பேர் பெண்கள். கட்சிவாரியாக அமராமற் பெயரின் அகரவரிசைப்படி அமர்ந்தனர். கட்சி பிரிக்காத இடத்திற் பேச்சு வளர்ந்தது. ஒவ்வொருவரும் தம் ஆற்றல் முழுதும் வளரக் கல்வி பெறும் முறை வேண்டும் என்றும், பொதுநிலத்தை முழுப் பெறுமதி பெறாமற் கைமாற்றக் கூடாது என்றும் எழுதினர். மக்கள் வாக்கில் அது வென்றது சுமார் 2,500 வாக்குகளால் மட்டுமே. அந்த 2,500 பேரில் ஒருவராகத் தம்மை எண்ணிக்கொள்ள அங்கே எவர்க்கும் உரிமை உண்டு.

தோழர்களே, இவற்றைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊரின் திறந்த வெளி நினைவுக்கு வந்தது. பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே கிடந்தது அது. நாங்கள் பந்தடித்த இடம். திருவிழாவில் வண்டில் அவிழ்த்த இடம். ஒரு வருடம் அதன் ஓரத்தில் மாடு கட்ட ஒரு முளை விழுந்தது. அடுத்த வருடம் நாலு கதிகால். அதற்கடுத்த வருடம் கிடுகு வேலி. கேட்கவேண்டியவர் வேறு யாரோ என்று எல்லாரும் நினைத்தோம். கோயிலார் பள்ளியார் கேட்பர் என்றிருந்தனர். பள்ளியார் கோயிலார் கேட்பர் என்றிருந்தனர். நானும் அவ்வழியாற் சைக்கிளிற் போய் வந்தவனே, நானும் கேட்கவில்லை. இன்று பிள்ளைகள் விளையாடுவது தெருவில். பிறரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நெவாடாவின் இருபது இலட்சம் ஏக்கரும் இப்படித்தான் போயிற்று என்று காட்டவே சொல்கிறேன்.

“சிவன் சொத்துக் குலநாசம்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கோயிற் காணியில் ஒரு தேங்காய் எடுக்க அஞ்சுகிறோம். பொதுக் காணியில் ஒரு பரப்பு எடுக்க அஞ்சுகிறோமா? பள்ளிக்கு வந்த பணத்திற் பத்து ரூபா குறைந்தாற் கேட்கிறோமா? பதினாறாம் பங்கிலே தெய்வம் இல்லை என்று யார் சொன்னது? எழுத்தறிவிக்கும் இடம் கோயில் என்று நாம் சொல்வது மெய்யானால், அதன் காணியும் சிவன் சொத்தே.

எல்லாரும் சட்டசபைக்கு நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிற்பவர் நிற்கட்டும். ஆனால் நிற்பவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. காணியின் எல்லை உனக்குத் தெரியுமா? பள்ளியின் கணக்கு உனக்குத் தெரியுமா? இரண்டும் முட்டும்போது என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்பவரை நம்பாதீர்கள். சிந்தித்துச் சொல்பவருக்கு வாக்களியுங்கள். அப்படி ஒருவரும் இல்லையானால், நம்மில் ஒருவர் பெயர் கொடுக்கவேண்டியதுதான். அதற்குமுன் இம்மன்றத்து இளைஞர் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. நம் ஊரின் பொதுக் காணிகள் எவை, அவற்றின் உறுதியும் படமும் எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி இம்மன்றத்தில் வைப்போம். பழைய எல்லைகள் பெரியோர்களாகிய உங்கள் நினைவிலேயே இருக்கின்றன. நீங்கள் சொன்னால் நாங்கள் எழுதுவோம். முதற் பக்கத்தில் அந்தத் திறந்த வெளியை நானே எழுதுகிறேன்.